ஒரே கேமுக்கு 90, அதே கேமுக்கு 4: விளையாடியவரின் அனுபவத்தை ரிவ்யூவாக எழுதுவது பற்றி ஒரு விளக்கம்

சேலத்தில் ஒரு கல்லூரி மாணவர் நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கேம் வாங்கலாமா என்று யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இணையதளத்தில் அதற்கு 100-க்கு 90 போட்டிருக்கிறார்கள். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே வந்தால் சாதாரண பயனர்கள் கொடுத்தது 10-க்கு 4. தமிழில் ஒரு வீடியோ "செம கேம், கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்கிறது, அடுத்த வீடியோ "காசு வேஸ்ட்" என்கிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அவருடைய கேள்வி அப்படியே நிற்கிறது: என் லேப்டாப்பில், எனக்குக் கிடைக்கும் நேரத்தில், என் கையில் இந்தக் கேம் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு எழுத்து முறை இருக்கிறது. விளையாடியவர் தனக்கு நடந்ததை மையமாக வைத்து எழுதும் ரிவ்யூ. இதைச் சிலர் சொந்தக் கதை என்று ஒதுக்குகிறார்கள். வேறு சிலர், ரிவ்யூ என்றாலே என் கருத்துதானே என்று மனதில் வந்ததை எல்லாம் எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே இந்த முறையைப் புரிந்துகொள்ளாததால் வருவது. எந்தச் சூழ்நிலையில் விளையாடினேன் என்பதைத் திறந்து சொல்லிவிட்டால், எழுதுபவரின் அனுபவம் படிப்பவருக்குப் பயன்படும் தகவலாகிறது. அதைச் சொல்லாவிட்டால் அது வெறும் அபிப்பிராயம். இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க விளக்கப் போகிறேன்.

முதலில், கேமில் எதை விமர்சிக்கிறோம்?

ஒரு தியேட்டரில் முந்நூறு பேர் உட்கார்ந்து பார்த்தாலும் திரையில் ஓடும் படம் ஒன்றுதான். பிடிப்பதும் பிடிக்காததும் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் காட்சிகளின் வரிசை மாறாது. கேமில் அந்த வரிசையே மாறுகிறது. எந்தப் பக்கம் திரும்பினீர்கள், யாரைக் காப்பாற்றினீர்கள், எத்தனை முறை செத்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் எதிரில் நடப்பதே வேறாகிவிடுகிறது.

இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய ஒரு ஆய்வுக் கட்டுரை 2004-ல் வந்தது. ராபின் ஹனிக்கி, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் சுபெக் என்ற மூன்று பேர் எழுதியது. அவர்கள் கேமை மூன்று அடுக்காகப் பார்த்தார்கள்.

1. விதிகள். கேமை உருவாக்கியவர்கள் எழுதி வைத்தவை: எத்தனை குண்டு, எவ்வளவு நேரம், தப்பு செய்தால் என்ன தண்டனை.
2. அந்த விதிகளை ஒருவர் கையில் எடுத்து ஆடும்போது உண்டாகும் ஓட்டம். இது ஆள் இல்லாமல் உண்டாகாது.
3. அந்த ஓட்டத்தில் ஆடுபவருக்கு வரும் உணர்வு. பயம், பெருமை, குற்ற உணர்ச்சி, சலிப்பு, எதுவாகவும் இருக்கலாம்.

உருவாக்குபவர் விதியிலிருந்து ஆரம்பித்து உணர்வை நோக்கிப் போகிறார், ஆடுபவரோ உணர்வின் பக்கமிருந்து உள்ளே வருகிறார் என்பது அவர்கள் சொன்னதில் முக்கியமான விஷயம்.

"பேப்பர்ஸ், ப்ளீஸ்" என்று 2013-ல் வந்த கேமை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் ஒரு கற்பனை நாட்டின் எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கும் ஊழியர். விதி ரொம்ப எளிது: காகிதங்கள் சரியாக இருந்தால் உள்ளே விடு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு, தப்பாக விட்டால் எச்சரிக்கை, அப்புறம் சம்பளத்தில் பிடித்தம். சாயங்காலம் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்தச் சம்பளம்தான். ஒரு நாள் ஒரு ஆள் சரியான காகிதங்களோடு வந்து உள்ளே போகிறார், போகும்போது பின்னால் வருவது என் மனைவி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த அம்மாவிடம் நுழைவு அனுமதி இல்லை. இங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்?

விதிகளை மட்டும் எழுதும் ரிவ்யூ "ஆவணங்களைச் சரிபார்க்கும் கேம், படங்கள் பழைய பாணி, சத்தம் குறைவு" என்று முடிந்துவிடும். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு கிடையாது. ஆனால் அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்ட ஒருவர், சில நாள் கழித்துத் தான் முகத்தையே பார்க்காமல் முத்திரை குத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தேன் என்று எழுதினால், அந்தக் கேம் ஆளை என்ன செய்கிறது என்பது அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. மூன்றாவது அடுக்கு என்பது யாராவது ஒரு ஆளுக்குள் நடப்பது, அதனால் அதை "நான்" இல்லாமல் சொல்ல வழியே இல்லை.

மதிப்பெண் எப்படி வந்தது, எங்கே சிக்கியது

பழைய கேம் பத்திரிகைகள் பெரும்பாலும் கேமை ஒரு பொருளாகவே பார்த்தன. கிராபிக்ஸ், சத்தம், கட்டுப்பாடு என்று பிரித்து எண் போடும் பழக்கம் அப்படி வந்ததுதான். ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகையில் நான்கு பேர் தனித்தனியாகப் பத்துக்குப் போட்டு மொத்தம் 40-க்குக் கூட்டுவார்கள். 1998-ல் ஒரு செல்டா கேம்தான் முதன்முதலில் அங்கே முழு 40 வாங்கியது. ஒரு விதத்தில் அது நல்ல முறை, நான்கு பேரின் எண்ணும் தனித்தனியாகத் தெரியும்.

பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைத் திரட்டிக் காட்டும் மெட்டாக்ரிட்டிக் என்ற இணையதளம் 2001-ல் வந்த பிறகு எல்லாருடைய எண்களும் ஒரே எண்ணாகக் கலக்கப்பட்டன. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. ஒரு கேம் பாதிப் பேருக்கு உயிர், மீதிப் பேருக்கு ஆகவே ஆகாது என்றால் அதன் சராசரி நடுவில் வந்து நிற்கும். எல்லாருக்கும் சுமாராக இருந்த கேமின் சராசரியும் அதே இடத்தில்தான் நிற்கும். வாங்கப் போகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றா?

இந்த எண் வாங்குபவரோடு நிற்கவில்லை, உருவாக்கியவர்களின் சம்பளம் வரை போனது. 2010-ல் வந்த "ஃபால்அவுட்: நியூ வேகாஸ்" கேமைச் செய்த ஆப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால்தான் போனஸ் என்று ஏற்பாடு, வந்தது 84. அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவலோன் 2012-ல் இதை வெளிப்படையாகச் சொன்னார். யாரோ சிலர் ஒரு எண்ணை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிப் போட்டதில் ஒரு முழுக் குழுவின் போனஸ் போய்விட்டது.

சில இடங்கள் எண்ணைக் கைவிட்டுப் பார்த்தன. பிரிட்டனின் யூரோகேமர் 2015-ல் மதிப்பெண்ணை நிறுத்தியது, 2023-ல் ஐந்து நட்சத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. படிப்பவர்களுக்கு அவசரத்துக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது என்பது உண்மைதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எண் இருக்கட்டும், ஆனால் அந்த எண் யாருடைய நிலைமையிலிருந்து வந்தது என்பது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

2004-ல் ஒரு திருப்பம்

பிரிட்டிஷ் கேம் பத்திரிகையாளர் கீரன் கில்லன் 2004-ல் ஒரு அறிக்கை எழுதினார். கேமின் மதிப்பு கேமுக்குள் இல்லை, ஆடுபவரிடம் இருக்கிறது, அதனால் கேம் பற்றி எழுதுவதைக் கற்பனை இடங்களுக்குப் போய்வந்து எழுதும் பயணக் கட்டுரையாக நினைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் உதாரணமாகக் காட்டிய கட்டுரை, ஸ்டார் வார்ஸ் உலகத்தில் நடக்கும் ஒரு ஆன்லைன் வாள்சண்டையில் எதிராளி இனவெறியோடு பேசியபோது எழுதியவர் என்ன செய்தார் என்பதைச் சொன்னது. அந்த மோதலை உருவாக்கியவர்கள் யாரும் திட்டமிடவில்லை, விதிமுறைப் புத்தகத்திலும் அது கிடையாது. இருந்தாலும் அந்தக் கேமை ஆடுவது என்றால் என்ன என்பதைக் காட்டியது அதுதான்.

பயணக் கட்டுரை என்று அவர் சொன்னதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். "ஏற்காடு: குளிர் 8, ஏரி 7, சாலை 6" என்று யாரும் எழுதுவதில்லை. மே மாதம் கோடை விழா சமயத்தில் போனீர்களா, டிசம்பர் பனியில் போனீர்களா, இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் வாந்தியோடு ஏறினீர்களா, பைக்கில் ஏறினீர்களா, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தீர்களா, இல்லை மேகம் மூடி ஒன்றுமே தெரியாமல் திரும்பினீர்களா என்று எழுதினால்தான், படிப்பவர் தன் பயணத்தை முடிவு செய்ய முடியும்.

கில்லன் சொன்ன முறை இல்லாமல் எழுதவே முடியாத கேம்களும் உண்டு. 2012-ல் வந்த "ஜர்னி"யில் நீங்கள் பாலைவனத்தில் ஒரு மலையை நோக்கி நடக்கிறீர்கள். வழியில் இணையம் வழியாக இன்னொரு ஆள் வந்து சேரலாம். அவர் பெயர் தெரியாது, பேச முடியாது, சின்ன இசை ஒலி ஒன்றை எழுப்பிக் கூப்பிட மட்டும் முடியும். கேம் முடிந்த பிறகுதான் கூட வந்தவர்களின் பெயர்கள் திரையில் வரும். ஒருவருக்கு வழி தெரிந்த பொறுமையான துணை கிடைத்திருக்கும், இன்னொருவருக்கு விட்டுவிட்டு ஓடும் ஆள், வேறொருவர் கடைசி வரை தனியாகவே நடந்திருப்பார். யாருடைய ஜர்னியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று சொல்லாமல் அதற்கு ரிவ்யூ எழுத முடியாது.

சூழ்நிலையைச் சொல்வது என்றால் எதை எல்லாம்?

எல்லாவற்றையும் எல்லா ரிவ்யூவிலும் எழுத வேண்டியதில்லை. அனுபவத்தை மாற்றக்கூடிய விஷயம் எதுவோ அதைச் சொன்னால் போதும்.

1. எந்தக் கருவி. "சைபர்பங்க் 2077" கேம் 2020 டிசம்பர் 10-ல் வெளியானபோது, முன்கூட்டியே ரிவ்யூ எழுதியவர்களுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டுமே. அதை வைத்து நல்ல மதிப்பெண்கள் வந்தன. பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் வாங்கிப் பார்த்தால் ஆடவே முடியாத நிலை. ஒரு வாரம் கழித்து பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அந்தக் கேமை எடுத்துவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. இதில் முதல் பொறுப்பு கன்சோல் (பிளேஸ்டேஷன் போன்ற கேம் பெட்டி) பதிப்பைக் காட்டாமல் வைத்திருந்த நிறுவனத்துடையது. ரிவ்யூ எழுதுபவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு: நான் பார்த்தது இந்தக் கருவியில் மட்டும், மற்றதில் எப்படி என்று நான் பார்க்கவில்லை என்பது முதல் பத்தியிலேயே, கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களின் கேம் கருவி போன்தான், அதனால் இந்த விஷயம் இங்கே இன்னும் கனமானது. போனின் சிப் சூடானால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் வெண்ணெயாக ஓடிய கேம் அரை மணி நேரத்தில் திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான். சேலத்தில் மே மாத மதியம் 40 டிகிரியை ஒட்டிப் போகும், முப்பது கிலோமீட்டர் தள்ளி மலை மேலே ஏற்காட்டில் 30-ஐத் தாண்டுவதே அரிது. அதே போன், அதே கேம், கீழே சூட்டில் தடுமாறும், மேலே அவ்வளவு சீக்கிரம் சூடு ஏறாமல் ஓடும். ஆக, "கேம் லேக் ஆகுது" என்று மொட்டையாக எழுதுவதைவிட எந்த போன், எவ்வளவு நேரம் கழித்து, ஃபேன் இல்லாத அறையா, சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினீர்களா என்று இரண்டு வரி எழுதுவது பத்து மடங்கு பயனுள்ளது.

2. எந்த இணைப்பு. ஆன்லைன் சண்டைக் கேம்களில் பிங் என்பது உங்கள் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லிசெகண்டில் சொல்வார்கள். திரையில் நொடிக்கு 60 படம் ஓடினால் ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட். பிங் 50 இருந்தால் மூன்று படம் தள்ளி, 250 இருந்தால் பதினைந்து படம் தள்ளி. நீங்கள் சுட்ட இடத்தில் எதிராளி இருக்கவே மாட்டார். வேலோரன்ட் கேமுக்கு 2020-ல் மும்பையில் சர்வர் வைத்ததும் இங்கே ஆடுபவர்களின் அனுபவம் அப்படியே மாறியதற்குக் காரணம் இதுதான். டவுனில் ஃபைபர் வைத்திருப்பவருக்கும், காபித் தோட்டத்து நடுவில், டவரை மலைச்சரிவு மறைக்கிற வீட்டில் போன் சிக்னலில் ஆடுபவருக்கும் அது ஒரே கேம் கிடையாது. டவுன்லோடு அளவும் இதில் சேரும். 2023-ல் வந்த "பால்டுர்ஸ் கேட் 3" 150 ஜிபி இடம் கேட்கிறது, ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு இது ரிவ்யூவின் முதல் வரியிலேயே தெரிய வேண்டிய தகவல்.

3. எவ்வளவு நேரம் ஆடினீர்கள், எங்கே நிறுத்தினீர்கள். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் பயனர் ரிவ்யூ பக்கத்தில் ஆடிய மணி நேரம் தானாகவே தெரியும், அது நல்ல ஏற்பாடு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் அங்கே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே முதல் இரண்டு மணி நேரம் எப்படி இருந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று பிரித்து எழுதுவது வாங்குபவருக்கு நேரடியாக உதவும். மெதுவாகச் சூடுபிடிக்கும் கேம் என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார். முடிக்காத கேமுக்கு ரிவ்யூ எழுதலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம், எங்கே, ஏன் நிறுத்தினேன் என்று சொன்னால் அதுவே பெரிய தகவல்.

4. உங்கள் பழக்கம். இருபது வருஷமாக பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடியவருக்கு எளிதாக இருப்பது, முதல்முறை கன்ட்ரோலரைப் பிடிப்பவருக்கு எளிதாக இருக்காது. எந்தக் கஷ்ட நிலையில் ஆடினீர்கள் என்பதும் இதில் அடங்கும்.

5. யாரோடு. இதைப் பலர் எழுதுவதில்லை, என் பார்வையில் இது மிக முக்கியம். மைக்கைப் போட்டதும் பெண் குரல் என்று தெரிந்தால் ஒரு மேட்ச் எப்படி மாறுகிறது என்பதை ஆடிய பெண்கள்தான் எழுத முடியும். கேமின் ரிப்போர்ட் பட்டன் வேலை செய்ததா, மியூட் செய்வது எளிதா, மைக்கே போடாமல் ஆடினால் குழுவில் பின்தங்குகிறோமா? இவை எல்லாம் கேமின் தரம் பற்றிய கேள்விகள். அண்ணன்மார்கள் நாலு பேர் சேர்ந்து ஆடி "டீம்வொர்க் சூப்பர்" என்று எழுதுவதில் இது தெரியவே தெரியாது.

6. எவ்வளவு செலவு. இலவச மொபைல் கேம்களில் டைமண்ட், கிரேட் (பரிசுப் பெட்டி), பாஸ் என்று யூபிஐ வழியாகப் போகும் காசு அனுபவத்தின் ஒரு பகுதி. ஒரு பைசா போடாமல் ஆடினேனா, போட்டு ஆடினேனா, போடாதபோது கேம் எங்கே எல்லாம் என்னை நிறுத்திக் காசு கேட்டது என்று எழுத வேண்டும்.

7. மின்சாரம். சிரிக்க வேண்டாம், இது நம் ஊர் ஆட்களுக்கு முக்கியமான விஷயம். பராமரிப்புக்காகக் கரண்ட் எடுக்கிற நாளில் யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் ஆடுபவருக்கு, கேம் தானாக அடிக்கடி சேவ் செய்கிறதா, இல்லை குறிப்பிட்ட இடம் வரை போனால்தான் சேவ் ஆகுமா என்பது பெரிய வித்தியாசம். வெளிநாட்டு ரிவ்யூக்களில் இதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரே கேம், இரண்டு சமையலறை

அனுபவம் மாறினால் கேமே மாறும் என்பதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் "வெண்பா". டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மா, அப்பா பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின். அம்மாவின் அம்மா எழுதிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் இருக்கும், விட்டுப்போன படிகளை ஆடுபவர் ஊகித்து இட்லி, புட்டு என்று சமைக்க வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம் விழாவின் பெரிய பரிசும் அதற்குக் கிடைத்தன.

இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பது அங்கே ஒரு புதிர். இட்லிச் சட்டியைப் பார்த்தே இராத ஒரு விமர்சகருக்கு அது யோசித்து விடுவிக்க வேண்டிய புதிராகவே இருக்கும், விடை கிடைத்ததும் ஒரு மகிழ்ச்சி. அம்மாபேட்டையில் தினமும் காலையில் இட்லி ஊற்றும் வீட்டில் வளர்ந்தவருக்கு அது புதிரே அல்ல, கை தானாகப் போய்விடும். "ரொம்ப ஈஸி, சவால் இல்லை" என்று அவர் எழுதினால் அதுவும் உண்மை. ஆனால் அவருக்கு வேறு ஒன்று நடந்திருக்கும். மகன் வீட்டில் தமிழை விட்டு விலகிப் போவதைப் பார்க்கும்போது, வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் பிள்ளைகளோடு போனில் பேசியது ஞாபகம் வந்திருக்கும். அப்படிப்பட்டவர் எழுத வேண்டிய ரிவ்யூ இந்த இரண்டையும் சேர்த்தது: எனக்குப் புதிராக இல்லை, காரணம் இது, அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது இது. இதைப் படிக்கும் இன்னொரு தமிழருக்குத் தனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும், தமிழ் தெரியாத ஒருவருக்கும் தனக்கு எது வேறாக இருக்கும் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, அந்தக் கேம் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போடும் ரிவ்யூவில் அது தோற்றுவிடும். அந்தக் கணக்கு தப்பு என்று நான் சொல்லமாட்டேன், கையில் காசு குறைவாக இருப்பவருக்கு அது நியாயமான கணக்கு. அதை மட்டும் போட்டால் வெண்பா மாதிரிக் கேம்களுக்கு இடமே இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கே சறுக்கும்

"நான்" என்று எழுதத் தொடங்கியதும் வரும் ஆபத்துகள் சில உண்டு. ஒன்று, கேம் காணாமல் போய் எழுதுபவர் மட்டும் மிஞ்சுவது. பரீட்சை டென்ஷன், நண்பனோடு சண்டை என்று நாலு பத்தி ஓடி, கேமில் எந்த இடம் அதைத் தொட்டது என்று ஒரு வரியும் இருக்காது. ஒவ்வொரு உணர்வுக்கும் பக்கத்தில் கேம் செய்த ஒரு செயலைக் காட்ட முடிகிறதா என்று பார்த்தால் இது சரியாகிவிடும். காட்ட முடியாததை வெட்டிவிடலாம்.

இன்னொன்று, எனக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும் என்று முடிவுகட்டுவது. "இந்தக் கேம் போர்" என்பதற்கும் "மூன்றாவது மணி நேரத்திலிருந்து அதே மாதிரி வேலையே திரும்பத் திரும்ப வந்ததால் எனக்குப் போரடித்தது" என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. திரும்பத் திரும்பச் செய்வது பிடித்தவர்கள் இருக்கிறார்கள், இரண்டாவது வாக்கியத்தைப் படித்து அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

ஆடாமலே எழுதுவது இன்னும் மோசம். 2020 ஜூனில் "தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2" வெளியான சில மணி நேரத்திலேயே மெட்டாக்ரிட்டிக்கில் ஆயிரக்கணக்கில் பூஜ்யங்கள் குவிந்தன. இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும் கேமை அதற்குள் யாரும் முடித்திருக்க முடியாது. அடுத்த மாதம் அந்தத் தளம், வெளியாகி 36 மணி நேரம் ஆன பிறகே பயனர்கள் மதிப்பெண் போடலாம் என்று மாற்றியது. மேலே சொன்ன 90-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்கு ஒரு காரணம் இது. அனுபவத்தோடு எழுதப்பட்ட ரிவ்யூவில் இந்த ஏமாற்று எடுபடாது, ஏனென்றால் ஆடாதவரால் அந்த விவரங்களை எழுத முடியாது.

ஒரு மாதிரி

2018-ல் வந்த "செலஸ்டே" ஒரு பெண் மலை ஏறும் கேம், குதித்துத் தாண்டுவதுதான் வேலை, சாவு நிறைய. வழக்கமான ரிவ்யூ இப்படி இருக்கும்: "கிராபிக்ஸ் சூப்பர், மியூசிக் சூப்பர், கதை ஓகே, ஆனா ரொம்பக் கஷ்டம். 8/10."

அதே ஆள் இப்படி எழுதலாம்: "பழைய லேப்டாப், கீபோர்டில் ஆடினேன். லேப்டாப் எங்கேயும் திணறவில்லை. செத்தால் அதே திரையின் ஆரம்பத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் திரும்ப நிற்கிறோம், அதனால் எரிச்சல் வருவதற்குள் அடுத்த முயற்சியில் இருந்தேன். நாலாவது அத்தியாயத்தில் காற்று எதிர்த்து அடிக்கும் இடத்தில் மூன்று விசைகளைச் சேர்த்துப் பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை, கன்ட்ரோலர் இருந்தால் இந்தச் சிரமம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே மட்டும் அசிஸ்ட் மோடில் வேகத்தைக் குறைத்தேன். கேம் அதற்காக என்னைக் குத்திக்காட்டவில்லை."

இரண்டாவதில் மதிப்பெண் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. ஆனால் கீபோர்டு மட்டும் வைத்திருப்பவர், கஷ்டமான கேம் என்றால் பயப்படுபவர், பழைய லேப்டாப்காரர் என்று மூன்று பேர் அதிலிருந்து தங்கள் பதிலை எடுத்துக்கொள்ளலாம். அசிஸ்ட் மோட் என்பது வேகத்தைக் குறைப்பது, சாகாமல் ஆடுவது போன்ற வசதிகளை ஆடுபவரே போட்டுக்கொள்ள விடும் அமைப்பு. அதைப் பயன்படுத்தியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, சொல்லாமல் விட்டால்தான் படிப்பவர் ஏமாறுவார்.

இலவசமாக வந்ததா?

கேமை நிறுவனம் இலவசமாகக் கொடுத்ததா, காசு கொடுத்து எழுதச் சொன்னதா என்பதும் சூழ்நிலைதான், இதில் சட்டமும் இருக்கிறது. 2014-ல் வந்த "ஷேடோ ஆஃப் மோர்டோர்" கேமைப் பாராட்டி வீடியோ போட யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதைப் பார்ப்பவர்களுக்குச் சரியாகத் தெரியப்படுத்தவில்லை என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் வார்னர் பிரதர்ஸ் மீது நடவடிக்கை எடுத்தது, 2016-ல் சமரசத்தில் முடிந்தது. பணம் வாங்கிய விவரம் சில வீடியோக்களில் கீழே, "மேலும் காட்டு" என்பதை அழுத்தினால்தான் தெரியும் இடத்தில் இருந்தது.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி எது வாங்கியிருந்தாலும் சொல்ல வேண்டும், தெளிவாகத் தெரியும் இடத்தில், ரிவ்யூ எந்த மொழியிலோ அதே மொழியில். தமிழில் பேசிவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் ஒரு சொல் போடுவது போதாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை ரிவ்யூ என்ற பெயரில் விளம்பரம் செய்பவர்கள் 2025-ல் வந்த மத்திய ஆன்லைன் கேமிங் சட்டத்தையும் பார்க்க வேண்டும், அதில் இந்த வகை விளம்பரமே குற்றம்.

இலவசமாக வந்தாலே ரிவ்யூ கெட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நாலாயிரம் ரூபாய் கையிலிருந்து போனவருக்கும் போகாதவருக்கும் ஏமாற்றத்தின் அளவு ஒன்றாக இருக்காது, படிப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

எழுதிய பிறகு கேம் மாறினால்

"நோ மேன்ஸ் ஸ்கை" 2016 ஆகஸ்டில் வந்தபோது சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று கடும் கோபம் கிளம்பியது. உருவாக்கியவர்கள் வருஷக்கணக்கில் இலவசமாகப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள், 2024-ல் ஸ்டீமில் அதன் மொத்தக் கணக்கே "மிகவும் சாதகம்" (Very Positive) என்ற நிலைக்கு ஏறியது. 2016-ல் திட்டி எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவர் ஆடிய கேம் அதுதான். அதே ரிவ்யூவை இன்று தேதி இல்லாமல் படிக்கும் ஒருவருக்கு மட்டும் அது தவறான தகவல்.

அதனால் தேதியும், முடிந்தால் பதிப்பு எண்ணும் ரிவ்யூவின் தலையிலேயே இருக்கட்டும். மொபைல் கேம்களில் அப்டேட் எண் செட்டிங்ஸில் இருக்கும், பார்த்து எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரிய அப்டேட் வந்து நீங்கள் திரும்ப ஆடிப் பார்த்தால், பழைய எழுத்தை அழிக்காமல் அதன் கீழே புதுத் தேதி போட்டு, எது மாறியது, எது மாறவில்லை, இந்த முறை எந்தப் போனில் ஆடினேன் என்று இரண்டு பத்தி சேர்த்துவிடலாம். போன் மாறியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக ஓடுவதற்குக் காரணம் அப்டேட்டா புதுப் போனா என்று யாருக்கும் தெரியாது.